சத்தத்தை அணைத்துவிட்டு ஓடவிட்ட பாட்டுகள்

அந்த நாலு பேரும் பாடிப் பழகியது மண்ணூர்பேட்டையில் மூடிக்கிடந்த ஒரு லேத் பட்டறையில். மெஷின்களை வங்கிக்காரர்கள் ஏற்றிக்கொண்டு போன பிறகு தரையில் எண்ணெய்க் கறை மட்டும்தான் மிச்சம் இருந்தது. நாலு பேரும் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அம்பத்தூர் தொழிற்பேட்டையில், நாங்கள் எஸ்டேட் என்போம், அப்ரண்டிஸாக இருந்தவர்கள். ஒருவர் டிரம்ஸ், இரண்டு பேர் கிட்டார், ஒருவர் பாட்டு. ராக் பேண்டு என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். தெருவில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. பட்டறைப் பசங்க என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

நான் அப்போது ஒரு சவுண்ட் சர்வீஸில் ஸ்பீக்கர் பாக்ஸ் தூக்கிக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு என் படிப்பு முடிந்திருந்தது. கல்யாண வீடு, காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் போவோம். ஆயுத பூஜை வந்தால் எஸ்டேட்டில் மூச்சுவிட நேரமிருக்காது. மெஷின்களைத் துடைத்து சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, கேட்டில் பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கு ஒரு பொரிப் பொட்டலமும் ஸ்வீட் பாக்ஸும் கொடுத்து முடித்தால், மத்தியானத்துக்கு மேல் பாட்டுக் கச்சேரி இருக்கும். சினிமாப் பாட்டு பாடும் குழுக்களைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு வருஷம் ஒரு கம்பெனிக்கு வரவேண்டிய குழு வரவில்லை. மேடை போட்டாயிற்று, பாக்ஸ் கட்டியாயிற்று, ஜனம் உட்கார்ந்தாயிற்று. அங்கே அப்ரண்டிஸாக இருந்தவர் அந்த டிரம்ஸ்காரர்தான். தன் கூட்டாளிகளைக் கூட்டிவருவதாகச் சொன்னார். மேனேஜருக்கு வேறு வழியில்லை.

முதல் பாட்டுக்கே பொரியை அள்ளி எறிந்தார்கள். சினிமாப் பாட்டு பாடு என்று கத்தினார்கள். பாடுகிறவர் சட்டையில் ஒட்டிய பொரியை எடுத்து வாயில் போட்டு மென்றார். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த பாட்டை ஆரம்பித்துவிட்டார். செகண்ட் ஷிப்ட் முடிந்து பஸ் இல்லாமல் நடந்துபோகிறவனைப் பற்றிய பாட்டு. கம்பெனிச் சங்கு ஊதுவதுபோல கிட்டார் நீளமாக இழுக்கும் இடத்தில் அவர் பாடுவதை நிறுத்தி மைக்கை ஜனத்தின் பக்கம் நீட்டினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மொத்தக் கூட்டமும் சங்கு மாதிரி ஊளையிட்டது. பிரஸ் ஷாப் ஆள்கள், கான்டீன்காரர்கள், கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்க வந்த பெண்கள், எல்லாரும். நான் பாக்ஸ் மேல் உட்கார்ந்துகொண்டு ஊளையிட்டேன். முதலாளி போட்ட சத்தத்துக்கு எழுந்து படுத்துக்கொண்டிருந்த நாங்கள் அன்றைக்கு அதே சத்தத்தை முதலாளி முகத்துக்கு நேராகப் போட்டோம். அவரும் கைதட்டினார் என்பது வேறு விஷயம்.

அதற்குப் பிறகு நாலைந்து வருஷம் அவர்கள் இல்லாமல் எஸ்டேட்டில் ஆயுத பூஜை கிடையாது. பிறகு பிரிந்துவிட்டார்கள். ஒருவருக்கு ஒரகடத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. ஒருவர் ஆவடியில் சர்ச்சில் வாசிக்கப் போனார். டிரம்ஸ்காரர் மாமனாரின் ஹார்டுவேர் கடையில் உட்கார்ந்தார். பாடுகிறவர் வளைகுடாவுக்குக் கிடங்கு வேலைக்குப் போனார். இவ்வளவுதான் காரணம். ரசிகர்களுக்கு இது போதவில்லை. பெண் விவகாரம் என்றார்கள், சினிமாக்காரன் ஒருவன் மெட்டைத் திருடிவிட்டான் என்றார்கள். வேலை கிடைத்துப் போனார்கள் என்பதை யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

நானும் போனேன். ஓசூரில் மூட்டை தூக்கினேன், திருப்பூரில் சாயப்பட்டறையில் இருந்தேன், வேலூரில் ஓட்டலில் பாத்திரம் கழுவினேன். ஒரு இடத்திலும் ஒரு வருஷத்துக்கு மேல் கால் நிற்காது. இப்போது திருநின்றவூரில் ஏரிப் பக்கம் ஒரு அறையில் மூன்று பேரோடு இருக்கிறேன். மழை வந்தால் தண்ணீர் உள்ளே வரும், சாமான்களைக் கட்டில்மேல் ஏற்றிவிட்டு வேறு எங்காவது போய்விடுவோம். கிடைக்கிற வேலைக்குப் போவேன். வேலை இல்லாத நாளில் மண்ணூர்பேட்டையில் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் உட்கார்ந்திருப்பேன். அங்கே வாசலில் ஒரு பெஞ்சு உண்டு.

கடைக்காரர் அந்தப் பேண்டின் பெரிய ரசிகர். பழைய கச்சேரிகளை எல்லாம் போனில் பதிவுசெய்து வைத்திருந்தார். மெமரி கார்டு காலத்தில் அவரிடம் ரிப்பேருக்கு வந்த ஒவ்வொரு போனிலும் கேட்காமலேயே அந்தப் பாட்டுகளை ஏற்றிவிடுவார். போனில் என்னமோ வைரஸ் பூந்து தானாகப் பாடுகிறது என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. ஓசூரில் ஒருமுறை பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் ஒரு ஆளின் போன் அடித்தது. சங்குப் பாட்டு. எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டேன். தெரியாது, மெட்ராஸில் போன் ரிப்பேர் செய்ததிலிருந்து இப்படித்தான் அடிக்கிறது, மாற்றத் தெரியவில்லை என்றான்.

கடைக்கு எதிரே தள்ளுவண்டியில் இட்லி போடும் அக்காவும் பழைய ஆள்தான். அன்றைக்குப் பொரி எறிந்த கான்ட்ராக்ட் பெண்களில் ஒருத்தி. கம்பெனி ஆள் குறைத்தபோது வெளியே வந்து வண்டி போட்டுவிட்டாள்.

பாடுகிறவர் திரும்பி வருகிறார், நாலு பேரும் சேர்ந்து புது ஆல்பம் போடுகிறார்கள் என்று ரசிகர்களின் போன் குழுவில் செய்தி வந்தபோது கடைக்காரர் ஒரு நாள் முழுக்க வேலை செய்யவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். குழுவில் ஆயிரம் நெருப்புப் பொம்மை, ஆயிரம் கும்பிடு. ஒருத்தன் ஆல்பம் வருவதற்கு முன்பே, கேட்டுவிட்டேன், மெய் சிலிர்த்துவிட்டது என்று எழுதினான்.

ஆல்பம் முடிந்த பிறகு பாடுகிறவர் கடைக்கு வந்தபோது எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. முன்பக்கம் முடி போயிருந்தது. வெயிலில் கருத்து, கன்னம் ஒட்டி, எங்கள் ஏரிப் பக்கத்து மேஸ்திரிகளில் ஒருவர் மாதிரி இருந்தார். கடைக்காரர் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லை. அவர் பெஞ்சில் உட்கார்ந்து, டீயை முடித்துவிட்டு, விஷயத்தைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நாலு பேரும் கூடி, மூன்று மாத லீவில் ஆல்பத்தை முடித்திருக்கிறார்கள். காலேஜ்களில் நிகழ்ச்சி நடத்தும் ஒரு ஏற்பாட்டாளர் பேசியிருக்கிறார். முதல் வாரம் வீடியோ தளத்தில் ஆல்பம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வருஷம் முழுக்க மேடை ஏற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்.

"ஓடிச்சின்னா இங்கியே கீறேன் மச்சான்," என்றார். "ஓடலன்னா டிக்கெட்டு கீது. அவ்ளோதான்."

அவர் மனைவியும் மகளும் திருநின்றவூரில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மகள் பிறந்ததிலிருந்து சேர்த்துப் பார்த்தால் அவளோடு அவர் இருந்த நாள் ரொம்பக் கொஞ்சம். லீவு முடிந்து அப்பா போகும்போதெல்லாம் அந்தப் பெண் ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகமாட்டாளாம். இந்த முறை டிக்கெட் இருப்பதையே அவளிடம் சொல்லவில்லை என்றார்.

"ஓடாம எங்க போவும்?" என்றார் கடைக்காரர். "நாங்க இன்னாத்துக்குக் கீறோம்? நீ ஊட்ல போய் தூங்கு. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

சினிமாப் படம் வெளியாவதுபோலத்தான் செய்தார்கள். ரசிகர்கள் என்றால் எங்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கடை வாசலில் பேனர் கட்டினார்கள். பழைய போட்டோ, எல்லோருக்கும் முடி இருந்த காலத்தது. என் பழைய சவுண்ட் சர்வீஸிலேயே பாக்ஸ் எடுத்தோம், நானே தூக்கி வைத்தேன். காலை பதினோரு மணிக்கு ஆல்பம் வெளியாகும் என்றிருந்தது. பூசணிக்காய் உடைத்து, ஒரு போனுக்குச் சாமந்தி மாலை போட்டு, கற்பூரம் காட்டினார்கள். பர்ஸ்ட் ஷிப்டுக்கு லீவு போட்டுவிட்டு வந்தவர்கள் இருந்தார்கள். புதிதாக எழும்பிய அடுக்குமாடி வீடுகளிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள் சிலர் கீழே இறங்கி வந்து என்ன விசேஷம் என்று பார்த்தார்கள். பாடுகிறவர் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் பேனருக்குக் கீழே நின்றார்.

முதல் பாட்டு ஆரம்பித்ததும் ஆடினார்கள். டிரம்ஸ் வரும் வரும் என்று ஆடிக்கொண்டே இருந்தார்கள். டிரம்ஸ் வரவில்லை. ஒரே ஒரு கிட்டார் மெதுவாக வந்தது. அவர் குரல் தாழ்ந்து, பேசுவதுபோல வந்தது. ஆடியவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். கை தூக்கியவர்கள் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இறக்கினார்கள். இரண்டாவது பாட்டு இன்னும் மெதுவாக இருந்தது. ஒரு அறையில் எட்டுப் பேர் முறை வைத்துத் தூங்குவதைப் பற்றி என்று மட்டும் எனக்குப் புரிந்தது. மூன்றாவது ஆரம்பித்தபோது ஒரு ஆட்டோக்காரன் பின்னாலிருந்து குரல் கொடுத்தான்.

"இன்னா மாமே, சாவு ஊடா இது? அந்தச் சங்க போடு."

சிலர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு எல்லாரும் சங்கு சங்கு என்றார்கள். கடைக்காரர் பாடுகிறவரின் முகத்தைப் பார்த்தார். அவர் தலையை ஆட்டினார், போடு என்பதுபோலவும் இருந்தது, என்னமோ செய் என்பதுபோலவும் இருந்தது. கடைக்காரர் பழைய சங்குப் பாட்டைப் போட்டார். அப்போது தெருவைப் பார்க்க வேண்டும். பாடுகிறவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். ஊளை எஸ்டேட் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டிருக்கும். தோள்மேல் இருந்து அவரும் கை தூக்கிப் பாடினார். புது ஆல்பம் வெளியான அன்றைக்கு எங்கள் தெருவில் ஓடியது அந்தப் பழைய பாட்டுதான், திரும்பத் திரும்ப.

வீட்டுக்குப் போய் எல்லாரும் ஆல்பத்துக்குக் கீழே எழுதினார்கள். தலைவன் வேற லெவல் என்றார்கள். அழுதுவிட்டேன் என்றார்கள். சிங்கம் திரும்பி வந்துவிட்டது என்றார்கள். எந்தப் பாட்டு, எந்த வரி என்று ஒருத்தரும் எழுதவில்லை. வெளியாள்கள்தான் கேட்டுவிட்டு எழுதியிருந்தார்கள், அவர்கள் எழுதியது நன்றாக இல்லை. குரல் போய்விட்டது, ஒலிப்பதிவு சரியில்லை, பழைய வேகம் இல்லை என்றார்கள். பூந்தமல்லிப் பக்கம் ஒரு பையன், பாட்டுக் கேட்கும்போது தன் முகத்தைத் தானே படமெடுத்துப் போடுகிறவன், இந்த ஆல்பத்தையும் கேட்டான். ஹெட்போன் மாட்டிக்கொண்டு கண்ணை உருட்டினான், பாட்டை நிறுத்தி நிறுத்திப் பேசினான், நாலாவது பாட்டில் கொட்டாவி விட்டுவிட்டு அதற்கும் மன்னிப்புக் கேட்டான். பாடுகிறவர் அதைக் கடையில் உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார். கடைக்காரர் அந்தப் பையனைத் திட்டி எழுதச் சொல்லிக் குழுவில் உத்தரவு போட்டார். நூற்றுக்கணக்கில் போய்த் திட்டினார்கள். அவன் வீடியோ நன்றாக ஓடியது.

எங்கள் ஆல்பம் ஓடவில்லை. எத்தனை தடவை ஓடியது என்று தளம் காட்டும் எண்ணிக்கை இரண்டாம் நாளே ஏறாமல் படுத்துவிட்டது. அப்போதுதான் கடைக்காரர் அந்த வழியைப் பிடித்தார். இதுவும் சினிமா ரசிகர்களிடமிருந்து வந்ததுதான். தங்கள் நடிகரின் பாட்டு வந்தால் அவர்கள் நாள் முழுக்கப் போனில் ஓடவிட்டு எண்ணிக்கையை ஏற்றுவார்கள். கடையில் ரிப்பேருக்கு வந்த போன்கள், எக்ஸ்சேஞ்சில் வந்த பழைய போன்கள், வாங்கிப்போக ஆள் வராமல் தங்கிவிட்ட போன்கள் எல்லாம் இருந்தன. கண்ணாடி உடைந்ததோ, ஒரு மூலையில் மட்டும் வெளிச்சம் வருவதோ, ஓடினால் போதும். அலமாரித் தட்டில் வரிசையாகச் சாய்த்து வைத்து, எல்லாவற்றுக்கும் சார்ஜர் போட்டு, ஆல்பத்தை ஓடவிட்டார். ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் பாடியது. ஐந்து நிமிஷத்தில் தலை வலித்தது. பக்கத்து மருந்துக்கடைக்காரர் வந்து சத்தம் போட்டார். உடனே எல்லாவற்றிலும் சத்தத்தை அணைத்துவிட்டோம்.

குழுவிலும் அப்படியே செய்யச் சொன்னார். வேலைக்குப் போகிறவர்கள் கம்பெனி லாக்கரில் போனை ஓடவிட்டு வைத்தார்கள். என்னை மட்டும் கடையில் உட்கார வைத்தார். நின்றுபோகும் போனைத் திரும்ப ஓடவிடுவதும், சூடானதை விசிறிக்கு முன்னால் வைப்பதும் என் வேலை. டீயும் அக்கா வண்டி இட்லியும் கிடைத்தன. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. மூட்டை தூக்குவதைவிட நல்ல வேலை.

ஒரு தபா முழுதாகக் கேட்டுவிட்டு அப்புறம் ஓடவிடலாமே என்று நான் கேட்டதற்குக் கடைக்காரர் சொன்னார்: "கேக்கறது வேற, ஓட்றது வேற நைனா. கேட்டா நீ ஒரே ஆளு. ஓட்னா கடை மொத்தமும் ஆளு."

எண்ணிக்கை ஏறியது. நன்றாகவே ஏறியது. ஏற்பாட்டாளர் பாடுகிறவரைக் கூப்பிட்டுப் பேசினார். கோயம்புத்தூர்ப் பக்கம் இரண்டு காலேஜ்களில் கேட்டிருப்பதாகச் சொன்னாராம். அன்று சாயங்காலம் பாடுகிறவர் மகளையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். ஏழாவது எட்டாவது படிக்கிற பெண். அக்கா அவளுக்கு இரண்டு இட்லி வைத்துக் கொடுத்தாள். அப்பா இனிமேல் இங்கேயே இருப்பார் என்று அந்தப் பெண் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தது. டிக்கெட் விஷயத்தைக் கடைசியில் அவளிடம் சொல்லியிருக்கிறார், வேண்டாம் என்று ஆகிவிட்டதால்.

அவர் உள்ளே வந்து அலமாரியைப் பார்த்தார். எல்லாப் போனிலும் அவர் முகம். வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

"சத்தம் எங்க?" என்றார்.

கடைக்காரர் விளக்கினார். எப்படி ஓடுகிறது, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று உற்சாகமாகச் சொன்னார். அவர் கேட்டுக்கொண்டே ஒரு போனை எடுத்துப் பார்த்தார். மூலை உடைந்த போன். அதில் அவர் ஏதோ நீளமாக இழுத்துப் பாடிக்கொண்டிருந்தார். எந்தப் பாட்டு என்று அவருக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை.

"மச்சான், நீ ஒரு தபாவாவது கேட்டியா?"

"கேக்கறதுக்கு டைம் எங்கடா?" என்றார் கடைக்காரர். "காலைல இருந்து பாத்துக்கினேதான் கீறேன்."

அவர் சிரித்தார். போனை எடுத்த இடத்திலேயே சாய்த்து வைத்தார். வெளியே வந்ததும் அக்கா அவரை நிறுத்தினாள். அவள் மட்டும்தான் கேட்டிருந்தாள், மாவு அரைக்கும்போது.

"ரெண்டாவது பாட்டு நல்லா கீதுப்பா," என்றாள். "ஒர்த்தன் எந்திரிச்சாதான் இன்னொர்த்தன் படுக்கணும்னு வருதே, அது. மத்தது எல்லாம் தூக்கம் வருது."

"எந்தப் பாட்ல தூக்கம் வந்துது?"

"நாலாவதுல."

"அது நீளம்தாங்கா," என்றார். "கொறைக்கச் சொன்னாங்க. நான்தான் கேக்கல." அவர் அந்த வண்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். நாலாவது பாட்டில் எந்த இடத்தில், கிட்டார் வருவதற்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா இட்லித் தட்டை இறக்கிக்கொண்டே தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். அவர் லீவில் வந்ததிலிருந்து அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அந்த வாரக் கடைசியில் காலையில் கடையைத் திறந்து பார்த்தால் எண்ணிக்கை இறங்கியிருந்தது. கொஞ்சநஞ்சமல்ல, வெளியான அன்றைக்கு இருந்ததைவிடக் கீழே. போலியாக ஓட்டியதைத் தளம் கண்டுபிடித்துக் கழித்துவிடும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. கழிக்கும்போது எது போலி, எது அக்கா மாவு அரைக்கும்போது கேட்டது என்று பார்த்துக்கொண்டிருக்காது போலிருக்கிறது. கடைக்காரர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "எவனோ உள்ள பூந்து வேலை காட்டிட்டான்," என்றார். குழுவில் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பூந்தமல்லிப் பையன்தான் என்றார்கள். சினிமாக்காரர்கள் என்றார்கள். நியாயம் கேட்டு ஆல்பத்துக்குக் கீழேயே பக்கம் பக்கமாக எழுதினார்கள். பாட்டைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தாலும் அந்தச் சண்டைக்குள் தேடி எடுக்க முடியாது.

ஏற்பாட்டாளர் போன் செய்தது அன்று மத்தியானம். அவர் கோபப்படவில்லையாம். உங்கள் ஆள்களே போலியாக ஓட்டியிருக்கிறார்கள், இதை வைத்துக்கொண்டு நான் எந்தக் காலேஜில் போய்ப் பேசுவது என்று மட்டும் கேட்டாராம். இனிமேல் அந்தப் பெயரில் எது வந்தாலும் யாரும் நம்பமாட்டார்கள் என்றாராம். பாடுகிறவர் கடைக்கு வந்து இதைச் சொன்னபோது கடைக்காரர் ஒரு போனைக் கழற்றி வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஓணும்னா அவராண்ட பேசட்டுமா மச்சான்?" என்றார்.

"ஓணாம் உடு."

"மறுபடியும் ஏத்திக் காட்றேன்டா. இந்த தபா வேற மாரி."

"உடு மச்சான்," என்றார் அவர். திட்டியிருந்தால் கடைக்காரருக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து ஸ்டேஷனுக்குப் போனார்.

மற்ற மூன்று பேரும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். அவர்கள் எதையும் விட்டுவிட்டு வரவில்லை, அதனால் திரும்புவது சுலபம். இவர் டிக்கெட்டை ரத்து செய்யாமல் வைத்திருந்தார். அது ஒன்றுதான் இந்த விஷயத்தில் சரியாக நடந்தது.

புறப்படும் நாளில் பெட்டி தூக்க நான் போனேன். ரசிகர்களுக்கு ஷிப்ட் இருந்தது. கடைக்காரர் கடையை அடைக்க முடியாது என்றார். மழைக்கும் வெயிலுக்கும் அடைக்கிற கடைதான் அது. நான் திருநின்றவூரிலேயே இருப்பதால் அவர் வீட்டுக்கு நடந்தே போனேன். மகள் வாசலுக்கு வரவில்லை. உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு இருப்பதாக அவர் மனைவி சொன்னார். அவர் கதவுக்கு வெளியே நின்று ஏதோ சொல்லிப் பார்த்தார். பெட்டியில் ஒன்றை அவர் எடுத்துக்கொண்டார், ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன்.

காலைக் கூட்டம் வடிந்த பிறகு வரும் ரயில். உட்கார இடம் கிடைத்தது. பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர் என்று போய்க்கொண்டிருந்தது. எஸ்டேட் பக்கம் வந்தபோது அவர் அந்தப் பக்க ஜன்னலைப் பார்க்கவில்லை. பாட்டுகளை எங்கே எழுதினார் என்று கேட்டேன். அறையில் எப்போதும் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள், விளக்குப் போட முடியாது, பாத்ரூமில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து எழுதினேன் என்றார். மெட்டை முனகினால்கூடக் கதவைத் தட்டுவார்களாம். அதனால்தான் எல்லாப் பாட்டும் தாழ்ந்த குரலில் வந்துவிட்டது. இங்கே வந்து சத்தமாகப் பாடிப் பார்த்தாராம், அந்தப் பாட்டுகள் சத்தமாக வரவில்லையாம்.

"நீயாச்சும் கேட்டியா?" என்றார்.

நான் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன் என்றேன். சரி என்று தலையாட்டினார். அதில் வருத்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அதற்கு மேல் அவர் பாட்டைப் பற்றிப் பேசவில்லை.

சென்ட்ரலில் இறங்கி, சப்வே வழியாகப் பார்க் ஸ்டேஷன் போய், தாம்பரம் வண்டி பிடித்துத் திரிசூலத்தில் இறங்கினோம். எதிரே விமான நிலையம். ரோட்டைத் தாண்டினால் அவர் வேறு ஊர் ஆள். பெட்டியை அவர் கையில் கொடுக்கும்போது எனக்குக் கேட்கத் தோன்றியது. ஆல்பம் ஓடியிருந்தால் கேட்டிருக்க மாட்டேன்.

"அங்க ஆள் எடுக்கறாங்களாண்ணா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா படிச்சிக்கிற?"

"எட்டு."

"போதும். லோடிங்குக்கு எடுப்பாங்க. மொதல்ல பாஸ்போர்ட்டுக்குப் போடு, அப்பால எனக்கு மெசேஜ் பண்ணு." பெட்டியின் கைப்பிடியை இழுத்து நீட்டினார். பிறகு கேட்டார்: "நீ பாட்டு கீட்டு பாடுவியா?"

"இல்லண்ணா."

"அப்ப கஷ்டம் ஒண்ணும் தெரியாது. இருந்துடுவ."

பெட்டிகளை இழுத்துக்கொண்டு சப்வேக்குள் இறங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே திரும்பிப் பார்த்துக்கொண்டு போக இடமில்லை, பின்னால் ஜனம் இடித்துக்கொண்டே வரும். நான் திரும்பிப் போகும் பீச் வண்டிக்காக மற்ற பிளாட்பாரத்துக்குப் போய் நின்றேன். கடைக்காரர் போன் செய்தார். போய்விட்டாரா என்று கேட்டார். போய்விட்டார் என்றேன். காலையிலிருந்து எண்ணிக்கை கொஞ்சம் ஏறியிருக்கிறது, அவர் விமானம் ஏறுவதற்குள் கூப்பிட்டுச் சொல்லிவிடு என்றார்.

சரி என்றேன்.